மலையேறிய பாதரசம்

பழனி மலைக்கும் பாதரசத்துக்கும் பழைய சொந்தம். பழனியில் சித்தர் போகர், பாதரசச் சரக்கும் சேர்ந்த ஒன்பது பாஷாணத்தைக் கட்டி முருகனையே செய்தார் என்பது ஐதீகம். சித்தர்கள் சுத்தி செய்யாமல் விஷத்தைத் தொடமாட்டார்கள். மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் இல்லாத காலம் அல்லவா, அவரவரே பயந்து நடந்திருக்கிறார்கள்.

1902-ல் பீட்டர் கூப்பர் ஹெவிட் என்ற அமெரிக்கர் தம் பங்குக்கு ரசம் கட்டினார். காற்றை உறிஞ்சிய கண்ணாடிக் குடுவை, அடியில் பாதரசம். போவதும் வருவதுமாக அல்லாடும் ஏ.சி. மின்சாரத்தை உள்ளே விட்டால், நீல வெளிச்சத்தோடு ஒரே திசையில் டி.சி.யாக வெளியே வரும். ரெக்டிஃபையர்! சினிமாக் கொட்டகையின் ஆர்க் விளக்குக்கு டி.சி. ஊட்டியவற்றில் இதுவும் ஒன்று. கதாநாயகனின் வாள்வீச்சுக்குப் பின்னால் பாதரசம் கொதித்துக்கொண்டிருந்தது. இந்த ரெக்டிஃபையருக்கு ஒரு வியாதியும் உண்டு: என்றைக்காவது மின்சாரம் தலைகீழாகப் பாய்ந்துவிடும்.

1980-களில் நியூயார்க் மாநிலத்து வாட்டர்டவுனிலிருந்து பாண்ட்ஸ் கம்பெனியின் தெர்மாமீட்டர் ஆலை மூட்டை கட்டிக்கொண்டு அதே பழனி மலைத்தொடரில் இருக்கும் கொடைக்கானலுக்கு வந்தது. பாம்பார் சோலைக்கு மேலே குடியேறியது. 1987-ல் இந்துஸ்தான் லீவர் கைக்குப் போனது. அமெரிக்கக்காரன் காய்ச்சலை அளக்க நம்மாள் பாதரசத்தை நிரப்பினார். இதைவிட உத்தமமான ரெக்டிஃபையர் உலகில் கிடையாது: தெர்மாமீட்டர் கடல் தாண்டிப் போனது, ரசம் படிந்த கண்ணாடிச் சில்லு மலையிலேயே தங்கிவிட்டது.

2001 மார்ச்சில் மூஞ்சிக்கல் காயலான் கடையில் அந்தச் சில்லு டன் கணக்கில் அகப்பட்டது. ஊர்க்காரர்களும் கிரீன்பீஸும் சேர்ந்து குட்டை உடைக்க, ஆலையை மூடினார்கள். 2003-ல் பழைய வியாதி வந்தேவிட்டது. சுமார் 290 டன் கழிவு கப்பலேறி அமெரிக்காவுக்கே திரும்பிப் போனது. ஏழை நாட்டிலிருந்து பணக்கார நாட்டுக்குக் குப்பை ஏற்றுமதி! இதற்காகவாவது ஒரு தபால்தலை வெளியிட்டிருக்கலாம்.

பாதரசத்தால் பாதிக்கப்பட்டதாகச் சொன்ன தொழிலாளர்களுக்கு மட்டும் இழப்பீடு எதுவும் பாயவில்லை. 2015-ல் சென்னையின் சோஃபியா அஷ்ரஃப் ராப் பாட்டிலேயே கம்பெனியின் மானத்தை வாங்கினார். 2016 மார்ச்சில் முன்னாள் தொழிலாளர்கள் 591 பேரோடு ஒப்பந்தம் ஆயிற்று, தொகை ரகசியம். மனிதாபிமானத்தின் பேரில் கொடுப்பதாகக் கம்பெனி சொன்னது. ஆலை மூடி 15 வருஷம் கழித்துத்தான் அந்த மனிதாபிமானம் மலையேறியிருக்கிறது. பாவம், கொடைக்கானலுக்கு ஏறும் வத்தலக்குண்டு ரோட்டில் கொண்டை ஊசி வளைவுகள் அதிகம்.