உறைபனியில் கரி வெட்டப் போகிறவர்கள் கவனத்துக்கு

சரக்கு இருக்கிறதா என்ற கவலையே வேண்டாம். அலாஸ்காவின் வடமேற்கு மூலையில், சுக்சி கடலோரம், கந்தகம் குறைந்த நல்ல ரகக் கரி கொட்டிக் கிடக்கிறது. 1880களிலேயே நீராவிக் கப்பல்காரர்கள் கார்வின் குன்றோரம் வெட்டி ஏற்றிப் போயிருக்கிறார்கள். அதன்பின் இன்றுவரை அங்கே பெரிய திறந்தவெளிச் சுரங்கம் ஒன்றுகூட வரவில்லையே என்று பங்குதாரர் எவராவது கேட்டால், டீ வரவழையுங்கள்.

தோண்டுவதைக் குளிர்காலத்தில் வைத்துக்கொள்வது உத்தமம். உறைந்த மண் கான்கிரீட் மாதிரி நிற்கும். பம்ப் செலவும் மிச்சம். வெடி வைத்தால், சிதறிய மண் மறுபடி உறைந்து ஒட்டிக்கொள்வதற்குள் லாரியில் ஏற்றிவிட வேண்டும். சாப்பாடு அப்புறம். வண்டி எஞ்சினை ராத்திரியிலும் அணைக்காதீர்கள். மைனஸ் நாற்பதில் சாதாரண எஃகு பட்டென்று முறியும் என்பதால், பொக்லைன் பற்கள் உபரியாகக் கைவசம் இருக்கட்டும்.

கோடையில் ஒரே ஒரு விதி. மேலே இருக்கும் பாசியைப் பிய்க்காதீர்கள். அதுதான் உறைநிலத்துக்குப் போர்வை. அதை எடுத்தால் அடியிலுள்ள பனி உருகி, நேற்றுச் சுவராக நின்ற மண் சேறாக வழிந்து வரும். பாசியை எடுக்காமல் திறந்தவெளிச் சுரங்கம் எப்படித் தோண்டுவது என்று என்னைக் கேட்காதீர்கள்.

அடுத்தது போக்குவரத்து. ரயில் கிடையாது, ஊரை இணைக்கும் சாலையும் கிடையாது. அதே வட்டாரத்தில் 1989 முதல் ஓடும் ரெட் டாக் துத்தநாகச் சுரங்கத்தைப் பாருங்கள். கடலுக்குத் தனிச் சாலை, ஆண்டு முழுக்க வெட்டியதைக் குவித்து வைக்க மாபெரும் கிடங்குகள், ஆழமில்லாத கரையிலிருந்து கப்பல் வரை கொண்டுபோகப் படகுகள். கப்பல் வருவதோ வருஷத்தில் சுமார் 100 நாள். துத்தநாகம் விற்கிற விலைக்கு அவர்களுக்குக் கட்டுப்படியாகிறது. ஒரு டன் கரிக்குக் கிடைக்கும் காசு படகுக்கூலிக்கே காணுமா என்று பாருங்கள். மீதி நாளெல்லாம் குவியலையும் கவனிக்க வேண்டும்: கரி தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும், சுற்றிலும் பனி கிடந்தாலும்.

வாங்குகிறவர் பக்கத்தில் இருந்தால் கதையே வேறு. அதே அலாஸ்காவில், வெகு தெற்கே ஹீலியில், உசிபெல்லி சுரங்கம் 1943 முதல் நடக்கிறது. அங்கே பக்கத்திலேயே ரயில், கொஞ்சம் தள்ளி ஃபேர்பேங்க்ஸ் மின் நிலையங்கள். உங்கள் கரியையும் அங்கே கொண்டுபோய்ப் புதைத்துவிட்டுத் தோண்டலாம்.

மூடும்போது பள்ளத்தை நிரப்பிவிடுங்கள். நிரப்பிய மண்ணிலுள்ள பனி உருகி, நிலம் அமுங்கி, குளமாகிவிடும். திட்ட அறிக்கையில் அதை இப்போதே ‘பறவைகளுக்கான நீர்நிலை’ என்று எழுதி வைப்பது நல்லது.