அருவியில் தடை, முற்றத்தில் டயர்

குற்றாலத்தில் தண்ணீர் குறைவாக விழுந்தால் சொந்தக்காரர்கள் வரமாட்டார்கள். அளவாக விழுந்தால் வருவார்கள். காலையில் அருவிக்குப் போனால் சாப்பாட்டு நேரத்துக்குத்தான் திரும்புவார்கள். அளவுக்கு மீறி விழும்போதுதான் தென்காசிக்காரனுக்குச் சோதனை. பேரருவி, ஐந்தருவி எல்லாவற்றிலும் குளிக்கத் தடை போட்டுவிடுவார்கள். வந்தவர்கள் அத்தனை பேரும் தோளில் துண்டோடு நம் முற்றத்தில் உட்கார்ந்திருப்பார்கள். அந்த நேரம் பார்த்து மோட்டார் சைக்கிளுக்கு டயர் மாற்ற உட்காருகிறவனுக்கு யோசனைக்குப் பஞ்சமே இருக்காது.

எனக்கும் வேறு வழியில்லை. பின் டயர் மொட்டையாகிவிட்டது. டயரில் வெட்டு வெட்டாக இருப்பது அழகுக்கு அல்ல. ரோட்டுத் தண்ணீர் அந்த வழியாக வெளியேறினால்தான் ரப்பர் தரையைப் பிடிக்கும். சாரல் விடாமல் தூறும் ஊரில் மொட்டை டயரோடு திரிவது ஆபத்து. பஞ்சர் கடைகளிலோ சீசன் வண்டிகளின் வரிசை. ஆகவே புது டயர், டியூப், இரண்டு லீவர், ஒரு சைக்கிள் பம்பு.

மதுரைச் சித்தப்பா முதலில் டயரை மடியில் வாங்கிக்கொண்டார். “எங்க ஊரு சரக்குடா! வெள்ளரிப்பட்டி டி.வி.எஸ். ஸ்ரீசக்ரா.” அந்தத் தகுதியில் அவரே தலைமைப் பொறுப்பும் ஏற்றார். டயரின் கன்னத்தில் 2.75-18 என்றிருந்தது. அகலம் 2.75 அங்குலம், ரிம்மின் விட்டம் 18 அங்குலம் என்று விளக்கினார். பக்கத்தில் ஒரு சின்னக் கட்டத்துக்குள் 2324 என்றிருந்ததை மாமா படித்துவிட்டார். “ரெண்டாயிரத்து முந்நூத்தி இருபத்தி நாலா? நல்லா ஏமாத்திட்டாம்லே ஒன்னைய!” அது விலை இல்லை மாமா, 2024ஆம் வருஷம் 23ஆவது வாரம் செய்தது என்றேன். “அப்ப பழசத் தலையில கெட்டிட்டான்னு சொல்லு” என்றார். மாமாவிடம் யாரும் ஜெயித்ததில்லை.

சக்கரத்தைக் கழற்றுவது பெரிய வேலையில்லை. ரிம்மோடு ஒட்டிப்போன பழைய டயரைப் பிரிப்பதுதான் பாடு. காற்றைப் பிடுங்கிவிட்டு, மாமாவையும் சித்தப்பாவையும் அதன் மேல் ஏறி நிற்கச் சொன்னேன். சீசன் சாப்பாட்டின் பலனை அன்றுதான் கண்டேன். டயர் உடனே வழிக்கு வந்தது.

புது டயரின் ஒரு விளிம்பு சுலபமாக ரிம்முக்குள் இறங்கியது. அம்புக்குறி சக்கரம் ஓடும் திசையைப் பார்க்கிறதா என்று சரிபார்த்து, டியூபுக்குப் பவுடர் போட்டு, கொஞ்சம் காற்றும் ஊதி உள்ளே வைத்தாயிற்று. கொஞ்சம் காற்று இருந்தால்தான் டியூப் மடங்கி லீவரில் சிக்காது. இரண்டாவது விளிம்பு முக்கால்வாசி ஏறி, கடைசி ஒரு சாணில் நின்றுவிட்டது. சித்தப்பா லீவரை நெம்பினார். மாமா சித்தப்பாவை நெம்பினார். ம்ஹும்.

சென்னையிலிருந்து வந்திருந்த தம்பி செல்போனிலிருந்து தலையெடுக்காமல் சொன்னான்: “அண்ணே, சைக்கிளுக்கு மொத மொத காத்தடிச்ச டயர் மாட்டுனதே வீட்லதானாம். டன்லப், 1888. பெல்பாஸ்ட்ல மாட்டு டாக்டரு. பையனோட மூணு சக்கர சைக்கிளுக்கு.” உண்மைதான். ஆனால் அந்த மனிதர் ரப்பர்க் குழாயைத் துணியால் சுற்றி மரச் சக்கரத்தில் ஆணியடித்துவிட்டார். மாமாவுக்கு அந்த முறை மிகவும் பிடித்துவிட்டது. சுத்தியல் எங்கே என்று கேட்டார்.

திண்ணையில் வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த ஆச்சி இவ்வளவு நேரமும் வாய் திறக்கவில்லை. இப்போது எழுந்து வந்தாள். “ஏலே, ஆடித்தபசுக்குச் சங்கரன்கோவில்ல வளையல் போடுவான், பாத்திருக்கியா? வளையலயா இழுக்கான்? கையத்தான ஒடுக்குவான். அந்தப் பக்கம் அமுக்குலே.”

விஷயம் அவ்வளவுதான். டயரின் விளிம்புக்குள் ஓடுவது எஃகுக் கம்பி. வளையலைப் போலவே அதுவும் நீளாது. அதற்காகத்தான் ரிம்மின் நடுவில் ஒரு பள்ளம் விட்டிருக்கிறார்கள். சார்லஸ் கிங்ஸ்டன் வெல்ச் என்ற இங்கிலாந்துக்காரர் கம்பி விளிம்பு டயருக்கு 1890இல் காப்புரிமை வாங்கினார். எதிர்ப்பக்கத்து விளிம்பைப் பள்ளத்துக்குள் அமுக்கிப் பிடித்தால் இந்தப் பக்கம் தேவையான இடம் கிடைக்கும். வால்வுக்கு எதிரே தொடங்கி வால்வுப் பக்கம் முடிக்க வேண்டும் என்பதும் இதனால்தான். வால்வு இருக்கும் இடத்தில் விளிம்பு பள்ளத்துக்குள் சரியாக இறங்காது.

“சோப்பு போட்டியா?” என்றாள் ஆச்சி அடுத்தபடியாக. அருவியில் சோப்புப் போடக்கூடாது என்று நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. சித்தி அதை மீறுவதற்கென்றே மதுரையிலிருந்து கொண்டுவந்த வாசனைச் சோப்பு துண்டுக்குள்ளிருந்து வெளியே வந்தது. சோப்புத் தண்ணீர் தடவி, எதிர்ப்பக்கத்தை முழங்காலால் அமுக்கி, லீவரை லேசாகத் தூக்கினேன். விளிம்பு வழுக்கி உள்ளே போய் உட்கார்ந்தது. மல்லிகை மணக்கும் டயர் தென்காசி ஜில்லாவில் என்னுடையது ஒன்றாகத்தான் இருக்கும்.

காற்றடித்து முடிப்பதற்குள் அருவியில் தடை நீங்கிவிட்டதாகச் செய்தி வந்தது. தலைமைப் பொறுப்பு உட்பட மொத்த முற்றமும் ஆட்டோவில் ஏறிப் பறந்தது. சக்கரத்தை மாட்டி, செயினை இழுத்துவிட்டு, பிரேக்கைச் சரிசெய்யும் வரை கூட இருந்தது ஆச்சி ஒருத்திதான். கூலியாக, தன்னையும் அருவிக்குக் கூட்டிப்போகச் சொன்னாள்.

புது டயரின் மேற்பரப்பு வழுவழுவென்றிருக்கும்; தேய்ந்து பிடிமானம் வரும்வரை, அதுவும் ஈர ரோட்டில், நிதானமாகத்தான் போக வேண்டும். போனேன். மேலகரம் பக்கத்தில் ஒரு சைக்கிள்காரர் குடை பிடித்தபடி எங்களை முந்திக்கொண்டு போனார். பின்னாலிருந்து ஆச்சி என் தோளைத் தட்டினாள்.

“ஏலே, புது வளையல் போட்டவ கைய ஆட்டி ஆட்டிலா நடப்பா! நீ என்ன, முந்தானைக்குள்ள ஒளிச்சிக்கிட்டுப் போற?”