வத்தல் பாயைக் கேட்டியா மருமவனே?

வாங்க மருமவப்பிள்ளை, இப்படித் திண்ணையில உக்காருங்க. மாடியில சோலார் போட்டாச்சாமே! வீரவநல்லூரே அண்ணாந்து பாக்குதுன்னாவ. பாக்கத்தான செய்யும்? ஆறு பேனலையும் தண்ணித்தொட்டி ரூமுக்கு வடபக்கமா ஒட்டி, வேப்பமரத்துக்குப் பக்கத்துல குளுகுளுன்னு படுக்க வச்சிருக்கியே. கரண்டு எடுக்கவா, இல்ல அதுகளுக்கு வேர்த்துரும்னா?

சித்திரையில நல்லா ஓடிச்சு, மார்கழியில படுத்துட்டுங்கியே. ஓடத்தான்டே செய்யும். சித்திரைப் பொறப்புல நம்ம ஊர்ல சூரியன் நட்ட நடு உச்சந்தலையில நிக்கும். நம்ம நிழலே நம்ம காலுக்கடியில போயி ஒளிஞ்சுக்கிடும். அன்னைக்குப் பாத்து கம்பெனிக்காரப் பையன் போன்ல படம் புடிச்சான், இடம் அருமைன்னான், நீயும் பல்லக் காட்டின. இப்போ ஏறிப் பாரு. 10 அடி ரூமு உச்சிக்கே ஆறடிக்கு மேல வடக்க நிழல நீட்டும். 4 மணிக்கு 20 அடி. அதே ரூமு ஆனி மாச உச்சிக்கு ரெண்டரை அடிதான், அதுவும் தெக்க. ஆறு பேனலும் ரூமுக்குத் தெக்க மூணடி தள்ளிப் படுத்திருந்தா இந்தப் பேச்சே இல்ல. படிச்ச பிள்ளைக்கு நான் சொல்லணுமா?

கன்னடியன் கால்வாய்த் தண்ணி பாய்ச்சின வீட்டுல பொறந்தவன் நீ. பேனலை ஒண்ணோட ஒண்ணு கோத்து ஒரே சரமா விட்டிருக்கானே, அதுவும் வாய்க்கால்தான். நடுவுல ஒருத்தன் அடைச்சான்னா கடைமடைக்காரன் வாயப் பாக்கணும். அதுக்காவ ஒவ்வொரு பேனல்லயும் மூணு பைபாஸ் டயோடு வச்சிருக்கான். அடைபட்ட பாத்திய விட்டுட்டு தண்ணி சுத்திப் போற வழின்னு வச்சுக்க. அது இல்லன்னா நிழல்ல கெடக்க செல்லு, மத்ததுக குடுக்க கரண்ட வாங்கி வாங்கிச் சூடேறிக் கருகிப் போவும். டயோடு காப்பாத்தும், ஆனா ஒரு வழி தெறந்தா அந்தப் பேனல்ல மூணுல ஒரு பங்கு அம்போ.

வைத்தியம் இல்லாம இல்ல. பேனலுக்கு ஒரு மைக்ரோ இன்வெர்ட்டர் போடலாம், ஆப்டிமைசர் மாட்டலாம். ஒருத்தன் அடைச்சாலும் அடுத்தவன் பாட்டுக்கு ஓடுவான். காசு கூட ஆவும். ஆனா எந்த மருந்தும் நிழல வெயிலாக்காது பாத்துக்க. தெக்க பாத்துத்தான் வைக்கணும்னு அடம் புடிக்கவும் வேண்டாம். இது டெல்லி இல்ல. பத்து டிகிரிச் சாய்வுல கெழக்க பாத்து வச்சாலும் நமக்குப் பெருசா ஒண்ணும் கொறையாது. நிழலுக்குத் தப்புனா போதும்.

கங்கைகொண்டான்ல டாடாக்காரன் செல்லும் பேனலும் செய்யுதான். 1944லயே பாபநாசத்துல தாமிரபரணித் தண்ணியில கரண்டு எடுத்த ஜில்லா இது. அரசாங்கம் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூவா மானியம் குடுக்கு. நிழல அளக்கதுக்கு மட்டும் எவனும் மானியம் குடுக்கல. அதான் நீயும் அளக்கல.

வேப்பமரத்த வெட்டிருவேன்னு சொன்னியாம்லா? வெட்டு, வெட்டு. மேக்கு வெயில் அப்படியே வீட்டுக்குள்ள எறங்கும். அதுக்கு ஏசி வாங்கணும், ஏசிக்கு இன்னும் நாலு பேனல் வாங்கணும். கம்பெனிக்காரன் உனக்குச் சிலை வைப்பான். கிறுக்கா, மரத்து நிழல் மூணு மணிக்கு மேலதான வருது? காலம்பற 9லருந்து 3 வரைக்கும் வெயில் தடையில்லாமப் பட்டா முக்கால்வாசி வந்துரும். சாய்ஞ்சு கெடக்க ரெண்டு கிளைய மட்டும் கவ்வாத்து பண்ணு, போதும்.

எனக்கு எப்படித் தெரியும்ங்கியா? எந் தங்கச்சி, உன்னப் பெத்த மவராசி, முப்பது வருசமா அந்த மாடியில கூழ்வத்தல் போடுதா. எட்டு மணிக்குப் பாய எங்க விரிக்கணும், பத்து மணிக்கு எங்க இழுக்கணும், மார்கழியில எந்த மூலைக்குப் போவப்படாதுன்னு கண்ண மூடிக்கிட்டுச் சொல்லுவா. கம்பெனிக்காரன்கிட்ட ஒம்பது தடவை போன் போட்டியே, அவகிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?

இப்போ கேக்கப் போறியா? சூதானமாப் போ. அவ கோவத்துல இருக்கா. நேத்து உன் பேனல் மேல சேலையக் காயப்போட்டாளாம். பொழுதடையுத வரைக்கும் ஈரமே போவலியாம்.