ஒரு குவளை, இரண்டு உருப்படி

நைட் ஷிப்ட் முடித்தவர், மந்தாரக்குப்பம்: யூடியூபில் எல்லாரும் டிம் சம், டிம் சம் என்று உருகுகிறார்களே, அது டிபனா, மீல்ஸா?

இரண்டும் இல்லை, டீக்குத் துணை. ஹாங்காங், காண்டன் பக்கத்துச் சீனர்கள் காலையில் வீட்டை விட்டுக் கிளம்புவது டீ குடிக்கத்தான். மூங்கில் கூடைகளில் மூன்று நான்காக வரும் பண்டமெல்லாம் அந்த டீயைச் சாக்கிட்டு உட்கார்ந்திருக்க. அங்கே பெரிசுகளின் வழக்கமான ஆர்டரே 'ஒரு குவளை, இரண்டு உருப்படி'தான். அதை வைத்துக்கொண்டு பேப்பரைத் தலைப்பிலிருந்து வரிவிளம்பரம் வரை படித்து முடிப்பார்கள். ஷிப்ட் விட்டு வந்து ஒரு டீ, ரெண்டு வடை சொல்லிவிட்டு யூனியன் அரசியலை ஒருமணி நேரம் அலசுகிறீர்களே, அதேதான். ஆகவே யாராவது "டிம் சம் சாப்பிட்டேன், வயிறு நிறையவில்லை" என்று குறைப்பட்டால் நம்பாதீர்கள். அவர் உட்காரத் தெரியாமல் எழுந்து வந்திருக்கிறார்.

வட்டம் 21 வாசகி, நெய்வேலி: கொழுக்கட்டைக்கு வேறு பெயர் வைத்து விலையை ஏற்றிவிட்டார்கள், அவ்வளவுதானே?

இந்த வாரத் தபாலில் பாதி இதே கேள்வி. பிள்ளையார் மேல் ஆணை, இல்லை! ஹார் காவ் என்கிற இறால் உருப்படியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அதன் தோலில் அரிசி மாவே கிடையாது. கோதுமையில் பசைப்புரதத்தைக் கழுவி நீக்கியபின் மிஞ்சும் ஸ்டார்ச்சும், மரவள்ளி ஸ்டார்ச்சும் சேர்த்துக் கொதிநீரில் பிசைகிறார்கள். பிசையும்போது வெள்ளை வெளேர் என்றிருக்கும் மாவு, வெந்ததும் கண்ணாடியாகி உள்ளே இருக்கும் இறாலின் சிவப்பைக் காட்டும். தோலைத் தட்டக் குழவி கிடையாது. எண்ணெய் தடவிய வெட்டுக்கத்தியைப் படுக்கப் போட்டு ஓர் அழுத்து, ஒரு சுழற்று. ஓரத்தில் குறைந்தது ஏழு மடிப்பு வேண்டும், நல்ல கை என்றால் பத்துக்கு மேல். சாப்ஸ்டிக்கால் தூக்கும்போது கிழியவும் கூடாது, கூடைக் காகிதத்தில் ஒட்டவும் கூடாது. சமையல்காரர் தேறினாரா என்பதை ஹாங்காங்காரர்கள் இந்த ஒன்றை வைத்தே சொல்லிவிடுவார்கள்.

விலையையும் பார்ப்போம். 2009இல் மாக் க்வாய்புய் என்ற சமையல்காரர் பெரிய ஓட்டல் வேலையை விட்டுவிட்டு ஹாங்காங்கின் மோங்காக் பகுதியில் டிம் ஹோ வான் என்று ஒரு சின்னக் கடை போட்டார். சீக்கிரமே மிஷெலின் நட்சத்திரம் கிடைத்தது. உலகிலேயே மலிவான நட்சத்திரக் கடை என்று ஊரெல்லாம் வரிசை கட்டியது. விலையை ஏற்றுவது டிம் சம் அல்ல, மேஜை விரிப்பு.

கங்கைகொண்டான் சரித்திரப் பிரியர்: சோழர்கள் சீனாவுக்குத் தூது அனுப்பினார்களே, அவர்கள் டிம் சம் சாப்பிட்டிருப்பார்களா?

ராஜராஜன் அனுப்பிய தூதர்கள் 1015இல் சீன அரசவைக்குப் போனார்கள், ராஜேந்திரனுடையவர்கள் 1033இல். குலோத்துங்கன் காலத்தில், 1077இல், 72 பேர் போய் 81,800 சரம் செப்புக்காசோடு திரும்பியதாகச் சீனக் குறிப்பே இருக்கிறது. கையில் காசு இருந்தது, கடைதான் இல்லை. காண்டன் தேநீர்க் கூடங்களில் இந்தக் கூடைகள் களைகட்டியது 19ஆம் நூற்றாண்டில். நம்மாட்கள் எண்ணூறு வருஷம் முன்னாலேயே போய் நின்றுவிட்டார்கள்.

வடலூர் சுத்த சைவர்: எனக்கு ஏதாவது தேறுமா?

தேறும், ஆனால் வள்ளலார் ஊர்க்காரர் இரண்டு மடங்கு விசாரிக்க வேண்டும். காளான், வாட்டர் செஸ்ட்நட், டோஃபுத் தோல் வைத்த உருண்டைகள் உண்டு. ஏமாற்றுவது முள்ளங்கி கேக்தான். பெயரைக் கேட்டால் பரம சாது. உள்ளே காய்ந்த இறாலும் பன்றி இறைச்சித் துண்டும் பதுங்கியிருக்கும். மாவில் பன்றிக் கொழுப்பு சேர்ப்பதுண்டு, கீரை மேல் சிப்பி சாஸ் ஊற்றுவதுண்டு. "இறைச்சி போடாதது" என்று மட்டும் கேட்டால் போதாது, கொழுப்பையும் சாஸையும் தனித்தனியாகக் கேளுங்கள். பௌத்த சைவக் கடை கிடைத்தால் இந்த விசாரணைக் கமிஷனே தேவையில்லை.

விருத்தாசலம் வாசகர்: மந்தாரக்குப்பம் கடைத்தெருவில் மாலையில் விற்கும் மோமோஸ் டிம் சம்தானா?

இல்லை. மோமோ திபெத், நேபாளத்துச் சரக்கு. தோல் தடிமன், உள்ளே முட்டைக்கோஸ், கூட ஒரு சிவப்புச் சட்னி. சட்னியின் காரத்தில் உள்ளே என்ன இருக்கிறது என்ற கேள்வியே எழாது. அதுதான் அந்தச் சட்னியின் வேலை.

அதே வாசகர்: சரி, கோபி மஞ்சூரியனாவது சீனாதானே?

அதுவும் போச்சு. கொல்கத்தாவில் பிறந்த நெல்சன் வாங் 1975இல் மும்பை கிரிக்கெட் கிளப்பில் பூண்டு, இஞ்சி, பச்சைமிளகாயை வதக்கி, சோயா சாஸும் சோளமாவும் சேர்த்துக் கோழிக்குச் செய்தது அது. கோழி இருந்த இடத்தில் காலிஃபிளவரை உட்காரவைத்தவர்கள் பிறகு வந்தார்கள். மஞ்சூரியாக்காரரிடம் கொடுத்தால் ஆர்வமாகச் சாப்பிட்டுவிட்டு, "இது எந்த ஊர்ப் பலகாரம்?" என்று கேட்பார்.

ஓய்வு பெற்ற என்.எல்.சி. ஊழியர், மந்தாரக்குப்பம்: நெய்வேலிக்கு ரஷ்யர்கள் வந்தார்கள், ஜெர்மானியர்கள் வந்தார்கள். சீனர்கள் மட்டும் வந்திருந்தால் நமக்கும் ஒரு நல்ல கடை கிடைத்திருக்குமே?

வருஷத்தைப் பாருங்கள் ஐயா. சோவியத் உதவியோடு கட்டிய முதல் அனல்மின் நிலையத்தின் முதல் யூனிட் ஓடத் தொடங்கியது 1962 மே மாதம். அதே வருஷம் அக்டோபரில் சீனாவோடு எல்லைப் போர். தலைமுறைகளாக இந்தியாவில் வாழ்ந்த சீன வம்சாவளியினர் சுமார் 3,000 பேரை ரயிலேற்றி ராஜஸ்தானில் தேவ்லி முகாமில் அடைத்தார்கள். குழந்தைகளும் கிழவிகளும் உட்பட. சிலர் வெளியே வர வருஷக்கணக்காயிற்று. வந்தபோது வீடும் கடையும் கைமாறியிருந்தன. கொல்கத்தாவுக்குப் பக்கத்தில் 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் அச்சியூ என்பவர் கரும்பாலை போட்ட நாளிலிருந்து வளர்ந்த சமூகம் அது. போருக்குப் பிறகு பலர் கனடாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் போய்விட்டார்கள்.

மிஞ்சியவர்களின் கை ருசி இன்னும் இருக்கிறது. கொல்கத்தா போனால் ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை போத்தார் கோர்ட் பக்கம், டிரெட்டி பஜாருக்குப் போங்கள். நடைபாதையில் அலுமினியப் பாத்திரங்களில் ஷூ மாய் என்ற இறைச்சி உருண்டை, பாவ் என்ற ஆவி பன், மீன் உருண்டை சூப். எட்டு மணிக்கு மேல் போனால் பாத்திரம் கழுவுவதைத்தான் பார்க்கலாம். இந்தியாவில் டிம் சம்மை அதற்குரிய வேளையில், அதற்குரிய இரைச்சலில் சாப்பிட என் ஓட்டு இந்த நடைபாதைக்குத்தான். குளுகுளு அறையில் ராத்திரி ஒன்பது மணிக்கு மெழுகுவத்தி ஏற்றி அதைப் பரிமாறுகிறவர்களைப் பற்றி நான் ஒன்றும் சொல்வதாக இல்லை.

குறிஞ்சிப்பாடியில் மனைவியை விட்டுவிட்டுச் சிங்கப்பூர் போனவர்: இங்கே லிட்டில் இந்தியாவிலிருந்து நடக்கிற தூரத்தில் ஒரு டிம் சம் கடை இருக்கிறதாமே? போகலாமா?

ஜாலான் புசாரில் 1962இலிருந்து இருக்கும் ஸ்வீ சூன். தாராளமாகப் போங்கள். அங்கே பின்னிரவிலும் கூட்டம் அம்முகிறது. காலைப் பலகாரம் என்று நான் மேலே அடித்துப் பேசியதற்குச் சிங்கப்பூர் கட்டுப்படவில்லை. பெரும்பாலானவற்றில் பன்றி இறைச்சி உண்டு, மாட்டிறைச்சி உருப்படிகளும் சில கடைகளில் உண்டு. வேண்டாதவர் முதலிலேயே கேட்டுவிடுங்கள். தனியாகப் போகாதீர்கள், ரூமிலிருந்து நாலு பேரைத் திரட்டினால் எட்டு வகை ருசிக்கலாம். உப்பு முட்டைக்கரு வைத்த பாவ் வந்தால் பொறுமை. மேலே ஆறியது போல நடிக்கும், கடித்தால் உள்ளேயிருந்து எரிமலை. எட்டையும் முடித்தபின் குறிஞ்சிப்பாடிக்கு ஒரு போன் போடுங்கள். என்ன சாப்பிட்டீர்கள் என்று மட்டும் சொல்லாதீர்கள்.

பண்ருட்டி வாசகர்: எங்கள் ஊர்ப் பலாப்பிஞ்சை உள்ளே வைத்தால்?

அருமையாக இருக்கும். நாலு முந்திரியும் நறுக்கிப் போடுங்கள். காப்புரிமையை மறக்காமல் என் பெயருக்கு எழுதிவிடுங்கள்.

டாக்டர் சொன்னதைக் கேட்பவர், சேத்தியாத்தோப்பு: அஜினமோட்டோ பயமாக இருக்கிறதே?

1908இல் ஜப்பானிய விஞ்ஞானி இகேடா கடற்பாசிச் சூப்பிலிருந்து கண்டெடுத்த சுவை அது. தக்காளியிலும் பாலாடைக்கட்டியிலும் இயற்கையாகவே இருக்கிறது. 1968இல் அமெரிக்காவில் ஒரு டாக்டர், சீன ஓட்டலில் சாப்பிட்டால் கழுத்து மரத்துப்போகிறது, காரணம் என்னவாக இருக்கும் என்று மருத்துவ இதழுக்குக் கடிதம் போட்டார். சோயா சாஸ், சமையல் ஒயின், உப்பு என்று அவர் பல சந்தேகங்களை அடுக்கினார். பழி முழுக்க அஜினமோட்டோ தலையில் விழுந்தது. எதில் அது இருக்கிறது என்று சொல்லாமல் கொடுத்துப் பார்த்த சோதனைகளில் அந்தத் தொந்தரவு நிலையாக நிரூபணமாகவில்லை. தள்ளுவண்டியில் நான் பயப்படுவது காலையிலிருந்து காய்கிற எண்ணெய்க்கு.

கல்யாணமாகிப் பல வருஷமானவர், வட்டம் 10: என் வீட்டுக்காரர் எனக்கு ஒரு டீ ஊற்றிக் கொடுத்ததில்லை. அங்கே எப்படி?

அங்கே டீச்சட்டியை எடுத்தவர் முதலில் மற்றவர் குவளையை நிரப்ப வேண்டும், தன்னுடையது கடைசி. வாங்கிக்கொள்பவர் இரண்டு விரலால் மேஜையைத் தட்டினால் நன்றி என்று அர்த்தம். சியன்லோங் சக்கரவர்த்தி மாறுவேடத்தில் போய்த் தன் ஆட்களுக்குத் தானே டீ ஊற்றினாராம். விழுந்து கும்பிட்டால் குட்டு வெளிப்படுமே என்று அவர்கள் விரலை மடக்கித் தட்டினார்களாம். கதைதான். ஆனால் சக்கரவர்த்தியே ஊற்றியிருக்கிறார் என்று வீட்டில் சொல்லிப் பாருங்கள். சட்டி காலியானால் மூடியைச் சாய்த்து வையுங்கள், கூப்பிடாமலே நிரப்புவார்கள். வீட்டில் இது வேலை செய்யாது.

கடைசிக் கூடைவரை காத்திருப்பவர், மந்தாரக்குப்பம்: பில்லை யார் கொடுப்பது?

அங்கே அதற்கு அடிதடியே நடக்கும். மேஜையில் ஓர் அட்டை இருக்கும். கூடைகளைச் சின்னது, நடுத்தரம், பெரியது, விசேஷம் என்று பிரித்து முத்திரை குத்துவார்கள். அந்த அட்டையை எல்லாரும் தங்கள் பக்கம் இழுப்பார்கள். கெட்டிக்காரர், "கை கழுவிவிட்டு வருகிறேன்" என்று நைசாக எழுந்து கல்லாவில் பணத்தைக் கட்டிவிட்டு வருவார். நம்மிலும் கை கழுவப் போகிற கெட்டிக்காரர்கள் நிறையப் பேர். திரும்பி வருவதில்லை.