கையடக்கப் புத்தகமும் கைக்குள்ள அடங்காத ஆளுகளும்

வாய்யா மாப்ள, உக்காரு. அக்கா எல்லாஞ் சொல்லுச்சு. புத்தகத் திருவிழாவுல இருந்து ஒரு குட்டிப் புத்தகத்த வாங்கிட்டு வந்தியாம், அன்னைக்கிலிருந்து உன்னைய வீட்டுல பிடிக்க முடியலியாம். கறிவேப்பில வாங்கிட்டு வாடான்னா ‘மைக்கேலாஞ்சலோ’ங்கிறியாம். குடு பாப்பம். ஒலகத்துல உள்ள பெரிய ஓவியர், சிற்பி அத்தன பேரும் ஆளுக்கொரு பக்கம். பொறந்த வருசம், செத்த வருசம், வழவழன்னு ஒரு படம். சட்டப் பையில போட்டுக்கிட்டா இன்னைக்குக் கீரனூர்ல உன்னைய விட்டா வேற அறிவாளி இல்ல. நான் குறை சொல்லல. மாமனா நாலு புத்தி சொல்றேன். கேக்குறதும் கேக்காததும் உன் இஷ்டம். நீ எதையும் கேட்டதில்லங்கிறது ஊருக்கே தெரிஞ்ச சங்கதி.

மொதப் புத்தி. படத்தப் பாக்குறதுக்கு முந்தி அதுக்குக் கீழ பொடி எழுத்துல போட்டிருக்கிற அளவப் படி. இந்தச் சின்னப் புத்தகத்துல எல்லாரும் ஒரே உசரம். அதுதான் இது செய்யிற பெரிய குசும்பு. மோனலிசாவப் பாரு, 77 சென்டிமீட்டர் உசரம், 53 அகலம். நம்ம கணக்குல ரெண்டு முழம் தேறாது. டாலின்னு ஒரு ஓவியரு சுருண்டு வழியிற கடியாரமா வரைஞ்சு வச்சிருக்காரே, அது அதவிடப் பொடிசு, 24க்கு 33. உசரத்துல ஒரு சாணுக்குச் சித்த மேல. அடுத்த பக்கத்துல பிக்காசோவோட குவெர்னிகா, 1937ல வரைஞ்சது. பதினோரு அடிக்கு மேல உசரம், இருபத்தஞ்சு அடிக்கு மேல நீளம். உங்க வீட்டுச் சொவத்துல மாட்டணும்னா சொவத்த இடிச்சுக் கட்டணும். மூணும் உன் புத்தகத்துல ஒரே பெருவிரல் அளவு. சாதகக் கட்டத்தப் பாத்துட்டுப் பொண்ணையே பாத்துட்டேன்னு சொல்றவன் மாதிரி நீ திரியுறியேய்யா.

மைக்கேலாஞ்சலோவோட டேவிட் சிலைய எடுத்துக்க. 17 அடி. நீ புத்தகத்துல பாத்துட்டு ‘தலையும் கையும் கொஞ்சம் பெருசா இருக்கு மாமா, தப்புப் பண்ணிட்டாரு’ன்னு போன வாரம் டீக்கடையில தீர்ப்புச் சொன்னியாமே. அது மாதா கோயில் உச்சியில வைக்கிறதுக்குன்னு சொல்லிச் செஞ்ச சிலை. கீழ நின்னு அண்ணாந்து பாக்குறவன் கண்ணுக்காகத்தான் அப்படி வச்சாருன்னு வெவரம் தெரிஞ்சவங்க சொல்றாங்க. இன்னொன்னு கேளு. அந்தப் பளிங்குக் கல்லு வேறொரு சிற்பி கொத்த ஆரம்பிச்சு வேலைக்காகாதுன்னு விட்டுட்டுப் போனது. வருசக்கணக்கா சும்மா கெடந்துச்சு. 1501ல மைக்கேலாஞ்சலோ அதுல கை வைக்கையில அவருக்கு வயசு இருபத்தாறு. மூணு வருசத்துல முடிச்சாரு. உனக்கு இருபத்தெட்டு ஆவுதுல்ல? சும்மா கேட்டேன்.

ரெண்டாவது புத்தி. வம்பக் கொறச்சுக்கிட்டு வேலையப் பாரு. வான்கோன்னதும் காதறுத்த கதையச் சொல்ற. காதறுத்தாருதான். ஆனா படம் வரையணும்னு முடிவு பண்ணி அவரு வாழ்ந்தது பத்தே வருசம். அதுக்குள்ள எண்ணெய்ச் சாயத்துல மட்டும் ஏறத்தாழ 860 ஓவியம். அதச் சொல்ல மாட்ட. மோனலிசாவும் அப்படித்தான். 1911ல பாரிஸ்ல அது இருந்த மியூசியத்துல முன்ன வேல பாத்த ஒருத்தன் படத்தத் தூக்கிட்டுப் போயிட்டான். ரெண்டு வருசம் அகப்படல. படம் மாட்டியிருந்த காலிச் சொவத்தப் பாக்க சனம் வரிசை கட்டி நின்னுச்சாம். படம் இருக்கையில பாக்காதவன் ஆணியப் பாக்கப் போனான்! பாரிஸ்காரனும் நம்ம சனந்தான் மாப்ள, ஒண்ணும் வித்தியாசமில்ல.

மூணாவது புத்தி கொஞ்சம் காரமா இருக்கும். புத்தகத் திருவிழா மேடையில பேசினவரு சொன்னதக் கேட்டுட்டு வந்து, ‘வெள்ளக்காரன் கையெழுத்துப் போட்டான், நம்மாளுக தன்னடக்கத்துல பேரே போடல’ன்னு நீயும் பேசிக்கிட்டு இருக்க. யாருய்யா போடல? மாமல்லபுரத்துக்குப் பக்கத்துல பூஞ்சேரியில போயிப் பாரு. பாறையில வரிசையாப் பேரு வெட்டி வச்சிருக்கு. கேவாத பெருந்தச்சன், குணமல்லன், பய்யமிழிப்பான்னு. தஞ்சாவூர்ப் பெரிய கோயில் கல்வெட்டுலயே அதக் கட்டுன குஞ்சரமல்லன் ராஜராஜப் பெருந்தச்சன் பேரு இருக்கு. ராஜா தன் பேரையே பட்டமாக் குடுத்திருக்கான். அவுங்க போட்டாங்க, நீ படிக்கல. உன் சோம்பேறித்தனத்துக்கு அவுங்க தன்னடக்கம்னு பேரு வைக்காத.

சித்தன்னவாசல்லயும் பேரு இருக்கு. நம்ம பழனிப் பக்கத்துக் கீரனூருக்கு வர பஸ்ல ஏறி ‘கீரனூர்’னு மொட்டையாக் கேட்டா எத்தனையோ பேரப் புதுக்கோட்டைக் கீரனூர்ல எறக்கி விட்ருக்கானுக. உனக்கும் ஒரு நாள் அப்படி ஆச்சுன்னா திட்டாத; அங்கிருந்து சித்தன்னவாசல் பக்கந்தான். குகைக் கோயில் கூரையில தாமரைக் குளம், மீனு, யானை, பூப்பறிக்கிற ஆளுக. பாண்டியன் ஸ்ரீமாறன் ஸ்ரீவல்லபன் காலத்துல மதுரை ஆசிரியன் இளங்கௌதமன்னு ஒருத்தரு அந்தக் கோயிலப் புதுப்பிச்சு முன்மண்டபமும் எடுத்தாருன்னு கல்வெட்டு சொல்லுது.

அந்த ராசாவோட மகன் காலத்துச் சங்கதி நம்ம காலடியிலயே இருக்கு. பழனிக்கு மேற்க, கொழுமம் ரோட்டுல ஐவர்மலை. நீ பஞ்சபாண்டவரு இருந்த மலைன்னு கும்புட்டுட்டு, திரும்பி நின்னு செல்பி எடுத்துட்டு வந்தியே, அதே மலைதான். பாறையில வரிசையாச் சமணத் தீர்த்தங்கரர் உருவம் செதுக்கியிருக்கு. பக்கத்துல கல்வெட்டு. கி.பி. 870. சாந்திவீரக் குரவர்னு ஒரு சமணத் துறவி பார்சுவநாதர் உருவத்தையும் இயக்கி உருவங்களையும் புதுப்பிச்சு, பூசைக்கும் அடியாருக்குச் சோத்துக்கும் 505 காணம் பொன்னு வச்சாருன்னு இருக்கு. வரகுண பாண்டியன் எந்த வருசம் பட்டத்துக்கு வந்தாங்கிறத இந்தக் கல்ல வச்சுத்தான் கணக்குப் போடுறாங்க. பாண்டிய சரித்திரத்துக்கே முளைக்குச்சி நம்ம தாலுகாவுல நட்டிருக்கு, நீ அதுல முதுகச் சாச்சுப் படம் பிடிச்சிருக்க. ஒண்ணு மட்டும் ஒத்துக்கிறேன். இங்க பொன்னு குடுத்தவரு பேரு இருக்கு, உளி பிடிச்சவரு பேரு இல்ல. அது அன்னைக்கும் வழக்கம், இன்னைக்கும் வழக்கம். கோயில் டியூப் லைட்டப் பாத்தா உபயதாரர் பேருதான் தெரியும், வெளிச்சம் தெரியாது.

நாலாவது புத்தி, தூண நின்னு பாரு. திண்டுக்கல்லுக்கு வடக்க, கரூர் ரோட்டுல தாடிக்கொம்பு. சௌந்தரராஜப் பெருமாள் கோயில். தேய்பிறை அஷ்டமியன்னைக்கு அங்க சொர்ண ஆகர்ஷண பைரவருக்குக் கூட்டம் நெரியும். கடன் தீரணும்ல. கல்யாணம் கூடாதவங்க ரதி மன்மதன் சிலைக்கு வருவாங்க. உன்னையக் கூட அக்கா கூட்டிட்டுப் போச்சாமே? நீ வேண்டிக்கிட்டு வந்த, சரி. அந்த மன்மதன் கையில இருக்கிற கரும்பு வில்லப் பாத்தியா? அந்த மண்டபத்துத் தூணுல ஆளுசரத்துக்கு மேல நிக்கிற நரசிம்மரு, வீரபத்திரரு, ஊர்த்துவ தாண்டவம் இதெல்லாம் தூணும் சிலையும் ஒரே கல்லு. ஒரு விரலு ஒடஞ்சாலும் ஒட்டுப்போட முடியாது, தூணையே மாத்தணும். அந்தப் பயத்தோட நரம்பும் நகமும் செதுக்கியிருக்கான் நாயக்கர் காலத்துச் சிற்பி. கல்யாணத்துக்கு வேண்டிக்கிட்டா வேண்டிக்க. அதுக்காகத் தூணுல எண்ணெய்க் கையத் தொடைக்காத. உன் பேரும் அந்தப் பிள்ளை பேரும் ஆணியில கீறாத. அந்தக் கல்லுக்கு அம்புட்டுத்தான் கேக்கத் தெரியும், அது உனக்காகப் பொண்ணு வீட்டுல பேசாது.

அஞ்சாவதா ஒண்ணு, உன் வீட்டுக்குள்ளயே இருக்கு. 1894ல ராஜா ரவிவர்மா பம்பாய்ப் பக்கம் அச்சகம் போட்டு, லச்சுமியையும் சரசுவதியையும் காகிதத்துல அடிச்சு விட்டாரு. அரமனையில மாட்டுற சாமி அதுக்கப்புறந்தான் குடியானவன் வீட்டுக்கும் வந்துச்சு. அவருக்குப் பின்னால நம்ம பக்கத்துல கோவில்பட்டி கொண்டையராஜு. நாடகத்துக்குத் திரை எழுதுன மனுசன். அவரும் அவரு சீடப்பிள்ளைகளும் வரைஞ்ச முருகனும் மீனாச்சியும் சிவகாசியில அச்சாகி, எந்த மளிகைக் கடை காலண்டரப் பாத்தாலும் நின்னாங்க. உங்க தாத்தன் தேதியக் கிழிச்சுட்டுப் படத்தச் சட்டம் போட்டு மாட்டுனாரு. அந்தப் படத்து மூலையில ஓவியர் பேரு இருந்திருக்கும். ஒரு நாளாச்சும் படிச்சியா? சூடம் காட்டுனதோட சரி.

நீ வாங்கியிருக்கிற மாதிரி கலையப் படத்துல காட்டுற வேலை தமிழ்ல முன்னமே வந்திருக்கு. சில்பின்னு ஒருத்தரு, நாமக்கல்காரரு. மெட்ராஸ் ஓவியப் பள்ளியில தேவி பிரசாத் ராய் சௌத்ரிகிட்டப் படிச்சவரு. அந்த ராய் சௌத்ரிதான் மெரினாவுல உழைப்பாளர் சிலை செஞ்சவரு. சில்பி கோயில் கோயிலாப் போயி, சிலைக்கு முன்னால உக்காந்து, பாத்துப் பாத்து வரைஞ்சு ஆனந்த விகடன்ல ‘தென்னாட்டுச் செல்வங்கள்’னு தொடராக் குடுத்தாரு. வீட்டுக்கு வீடு அதக் கத்தரிச்சுத் தைச்சு வச்சிருந்தாங்க. போட்டோ எடுத்தா நொடியில முடியும். அவரு விரலுக்கும் கல்லுக்கும் நடுவுல உக்காந்த நேரந்தான்யா அந்தப் படம்.

கடைசியா, உன் புத்தகத்துக்கு வெளிய இருக்கிறவங்களையும் கொஞ்சம் நெனச்சுப் பாரு. ராய் சௌத்ரிக்கு அப்புறம் அந்தப் பள்ளியக் கட்டிக் காத்த கே.சி.எஸ். பணிக்கரும் சிநேகிதங்களும் துணியில மெழுகுச் சாயம் போட்டு வித்த காசுல ஈஞ்சம்பாக்கத்துல நிலம் வாங்கி, 1966ல சோழமண்டலம்னு ஓவியருக்கே ஒரு ஊரு உண்டாக்குனாங்க. கன்னியாகுமரியில 133 அடி வள்ளுவர எழுப்புன கணபதி ஸ்தபதி, அதுல 38 அடிய அறத்துப்பாலுக்குப் பீடமா வச்சு, மிச்சம் 95 அடியப் பொருளுக்கும் இன்பத்துக்கும் ஆளா நிறுத்துனாரு. அதிகாரக் கணக்குத்தான் சிலையோட அளவு. மறுபடியும் அளவுல வந்து நிக்குது பாத்தியா?

ஆகக்கூடி, புத்தகத்த நான் தூக்கிப் போடச் சொல்லல மாப்ள. பையிலயே இருக்கட்டும். பேரு மறந்தா எடுத்துப் பாத்துக்கலாம். பாத்தேன்னு மட்டும் சொல்லாத, படிச்சேன்னு சொல்லு. பாக்கணும்னா நாளைக்குக் காலையில பழனி பஸ் ஏறி, அங்கிருந்து ஐவர்மலைக்குப் போ. வெயில் ஏறுறதுக்குள்ள மேல போயிரு, தண்ணி பாட்டில் ஒண்ணுக்கு ரெண்டா எடுத்துக்க. வரையில அந்தப் பாட்டிலக் கீழ கொண்டாந்துரு. அப்பறம், போறதுக்கு முந்தி அக்காவுக்குக் கறிவேப்பில வாங்கிக் குடுத்துட்டுப் போ.