முழங்காலுக்கு முன்ஜாமீன்

இந்த வாரம் வந்த தபால்களில் பாதி கால்களைப் பற்றியவை. கணுக்கால், முழங்கால், பின்தொடை, ஒரே ஒரு கட்டைவிரல். ஆசிரியர் குழுவில் எலும்பு டாக்டர் யாரும் இல்லை. இருந்தாலும் பதில் சொல்லாமல் விடுவதாக இல்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தில் எங்கள் டீம் ஸ்ட்ரைக்கர் இல்லையாம். நண்பர்கள் இப்போதே துவண்டுவிட்டார்கள். என்ன ஆறுதல் சொல்ல?
– கல்லூரி மாணவர், வியாசர்பாடி

துவண்டதாகவா நினைக்கிறீர்கள்? அவர்கள் முன்ஜாமீன் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். தோற்றால் "அவன் மட்டும் இருந்திருந்தால்...". ஜெயித்தால் "அவன் இல்லாமலேயே பார்த்தாயா!". இரண்டு பக்கமும் லாபம் வருகிற வியாபாரம் இது ஒன்றுதான்.

எங்கள் தெரு டீக்கடையில் இந்த வழக்கு விசாரணையை அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். ஒரே போனைச் சுற்றி நான்கு தலைகள். கிளப் வெளியிட்ட பயிற்சிப் படம். ஒருவர் இரண்டு விரலால் அதைப் பெரிதாக்கிக்கொண்டே போகிறார். முகம் போய், பனியன் போய், கடைசியில் திரை முழுக்கத் தொடை. "அது டேப்பா, நிழலா?" டீ ஆறி ஆடை படிந்துவிட்டது. தீர்ப்பு வரவில்லை. சொந்த அப்பாவின் எக்ஸ்ரேயை அவர்களில் யாரும் அவ்வளவு உற்றுப் பார்த்திருக்க மாட்டார்கள்.

ஒரு பெரிய ஆட்டக்காரர் இல்லாவிட்டால் அணியே இல்லை என்பது உண்மையா?
– ஓய்வுபெற்ற உடற்பயிற்சி ஆசிரியர், திண்டுக்கல்

1962, சிலி உலகக் கோப்பை. இரண்டாவது ஆட்டத்திலேயே பெலேவின் தசை கிழிந்தது. அப்போது மாற்று ஆட்டக்காரர் என்ற ஏற்பாடே உலகக் கோப்பையில் கிடையாது. மைதானத்தில் நொண்டி நின்றார், அத்தோடு அவருக்குப் போட்டி முடிந்தது. பிரேசிலுக்கு முடியவில்லை. பதிலுக்கு வந்த அமரில்டோ, ஸ்பெயினுக்கு எதிராக இரண்டு கோல் போட்டார். கால் இறுதியையும் அரை இறுதியையும் கரிஞ்சா பார்த்துக்கொண்டார். கடைசியில், பெலே விழுந்தபோது எதிரே நின்ற அதே செக்கோஸ்லோவாக்கியாவை இறுதி ஆட்டத்தில் 3-1 என்று வென்றார்கள். அங்கேயும் அமரில்டோவுக்கு ஒரு கோல்.

உடனே நீங்கள் 2014-ஐத் தூக்கிக்கொண்டு வருவீர்கள் என்று தெரியும். கொலம்பியாவுடன் ஆடியபோது முதுகில் முழங்கால் இடி வாங்கி நெய்மருக்கு முதுகெலும்பில் முறிவு. நான்கு நாள் கழித்து ஜெர்மனியிடம் 1-7. ஆனால் யோசியுங்கள்: நெய்மர் முன்வரிசை ஆள். அவர் இருந்திருந்தால் 2-7 ஆகியிருக்கும். ஏழு கோல் வாங்கியது பின்வரிசை. அதன் தலைவர் தியாகோ சில்வாவும் அன்று இல்லை. அது காயம்கூட இல்லை, மஞ்சள் அட்டை. தேசிய கீதத்தின்போது நெய்மரின் சட்டையைப் படம் மாதிரி பிடித்துக்கொண்டு நின்றார்கள். சட்டைக்கு மாலை போடாததுதான் பாக்கி. ஆட்டம் அப்போதே பாதி போய்விட்டது என்பது என் கட்சி.

ஓடிக்கொண்டே இருந்தவர் திடீரென்று தொடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பக்கத்தில் ஒருவருமே இல்லை. இது நடிப்புதானே?
– இல்லத்தரசி, நாகர்கோவில்

இல்லை அம்மா. ஆள் மோதி விழுந்து உருளுகிறவரைச் சந்தேகப்படுங்கள். யாரும் தொடாமல் உட்காருகிறவரை நம்புங்கள்.

பின்தொடைத் தசையை ஹாம்ஸ்ட்ரிங் என்கிறார்கள். முழு வேகத்தில் ஓடும்போது கால் முன்னால் வீசிக்கொண்டு போகும். பாதம் தரையில் படுவதற்குச் சற்று முன், அந்த வீச்சை நிறுத்துகிற பிரேக் இந்தத் தசைதான். நீண்டு கொடுத்துக்கொண்டே இழுத்தும் பிடிக்க வேண்டும். ஓர் அடிக்கு ஒரு பிரேக். எண்பதாவது நிமிடத்தில் களைத்துப்போன தசை ஒருமுறை தாமதித்தால் நார்கள் கிழியும். ஓடியவர் யாரோ பின்னாலிருந்து கல்லால் அடித்ததுபோல் திரும்பிப் பார்ப்பார், கவனித்திருப்பீர்கள்.

கொஞ்சம் நார் போனால் இரண்டு மூன்று வாரம். முழுசாக அறுந்தால் மாதக்கணக்கு. இதில் பொல்லாத விஷயம், ஒருமுறை கிழிந்த இடம் மறுபடி கிழிய ரொம்ப விருப்பப்படும், அதுவும் திரும்பி வந்த புதிதில். வலி போய்விடும், பலம் வந்திருக்காது. "வலியே இல்லை சார், ஆடுகிறேன்" என்று ஆட்டக்காரர் சொல்வது பொய்யில்லை. போதுமான உண்மையும் இல்லை.

அணிப் பயிற்சியாளர்கள் காயத்தைப் பற்றிச் சொல்வதை நம்பலாமா?
– வங்கி ஊழியர், கோயம்புத்தூர்

கல்யாண வீட்டில் "சாப்பாடு இதோ ரெடி" என்கிறார்களே, அந்த அளவுக்கு நம்பலாம்.

2018 சாம்பியன்ஸ் லீக் இறுதி ஆட்டத்தில் எகிப்தின் முகமது சாலாவுக்குத் தோள்பட்டையில் அடி. உலகக் கோப்பையில் உருகுவேயுடன் முதல் ஆட்டம். முதல் நாள் பயிற்சியாளர் எக்தோர் கூப்பர், சாலா ஆடுவார் என்பதைக் கிட்டத்தட்ட நூறு சதவீதம் உறுதியாகச் சொல்லலாம் என்றார். மறுநாள் சாலாவின் 26-ஆவது பிறந்தநாள் வேறு. அதைப் பெஞ்சில் உட்கார்ந்தே கொண்டாடினார். 89-ஆவது நிமிடத்தில் கோல் வாங்கி எகிப்து தோற்றது. "கிட்டத்தட்ட" என்ற சொல்லுக்குள் எவ்வளவு இடம் இருக்கிறது பாருங்கள்.

அமெரிக்கர்கள் ஆடும் முட்டை வடிவப் பந்து ஆட்டத்தில், யாருக்கு எங்கே அடி, ஆடுவாரா மாட்டாரா என்று அணிகள் கட்டாயம் பட்டியல் தர வேண்டும். நம் கால்பந்தில் அந்தச் சட்டம் கிடையாது. இங்கே காயமும் ஒரு வியூகம். எதிரணி இரண்டு நாள் குழம்பட்டுமே!

சாலாவின் தோளை இழுத்துப் போட்ட செர்கியோ ராமோஸ் மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை.
– வாசகர், கீழக்கரை

கியூவில் நில்லுங்கள். அப்போதே ஓர் எகிப்திய வழக்கறிஞர் 100 கோடி யூரோ நஷ்டஈடு கேட்டுக் கிளம்பினார். லட்சக்கணக்கானவர்கள் தண்டிக்கச் சொல்லிக் கையெழுத்துப் போட்டார்கள். ராமோஸ் அந்த ஆட்டத்தின் முடிவில் கோப்பையைத் தூக்கினார்.

டேவிட் பெக்காமின் கால் எலும்பு முறிந்தபோது புத்தூர் கட்டு போட்டிருந்தால் சீக்கிரம் கூடியிருக்குமோ?
– மாட்டுப்பண்ணை வைத்திருப்பவர், ஆரணி

மூங்கில் பட்டையும் முட்டை வெள்ளைக்கருவும் ஓல்டு டிராஃபோர்டு வரை போகவில்லை. ஆனால் இங்கிலாந்துக்காரர்கள் செய்த வைத்தியத்தைக் கேட்டால் புத்தூர் கட்டு விஞ்ஞானமாகத் தெரியும்.

2002 ஏப்ரல் 10. ஸ்பெயினின் டெபோர்டிவோ அணிக்காரர் ஒருவர் தடுக்கப்போய் பெக்காமின் இடது பாதத்தில் எலும்பு முறிந்தது. தடுத்தவர் அர்ஜென்டினாக்காரர். உலகக் கோப்பையில் இங்கிலாந்தின் பிரிவில் இருந்ததும் அர்ஜென்டினா. போதாதா? மெடடார்சல் என்ற சொல்லை அதற்கு முன் டாக்டர்கள் மட்டும் வைத்திருந்தார்கள். ஒரே வாரத்தில் லண்டன் டாக்சி டிரைவர் வரை எல்லோரும் இரண்டாவது மெடடார்சலா மூன்றாவதா என்று விவாதித்தார்கள். ஒரு நாளிதழ் பெக்காமின் பாதத்தைப் படமாகப் போட்டு, அதன் மேல் கை வைத்து எல்லோரும் பிரார்த்தனை செய்யுங்கள் என்றது. நாம் செய்தால் மூடநம்பிக்கை!

ஆறு முதல் எட்டு வாரம் ஆகும் முறிவு. ஐம்பத்து மூன்றாம் நாள் சுவீடனுக்கு எதிராக ஆடினார். அர்ஜென்டினாவுக்கு எதிராகப் பெனால்டியில் கோலும் போட்டார். பிரார்த்தனை பலித்தது என்று எழுத நினைக்கும்போதே கால் இறுதி வந்துவிடுகிறது. பிரேசிலுடன் இடைவேளைக்குக் கொஞ்சம் முன்னால், கோட்டோரம் இரண்டு பேர் சறுக்கிக்கொண்டு வர, பெக்காம் பந்தை விட்டுவிட்டு எகிறிக் குதித்தார். அங்கிருந்து கிளம்பிய பந்து ரிவால்டோ வழியாக வலைக்குள் போனது. எலும்பு கூடியிருக்கலாம். அடிபட்ட ஞாபகம் கூட எத்தனை வாரம் ஆகும் என்று எந்த டாக்டரும் எழுதித் தருவதில்லை. அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வெந்நீர் ஊற்றிக்கொண்ட கையை நான் பல மாதம் அடுப்புப் பக்கம் கொண்டு போகவில்லை.

பாதி குணமான நட்சத்திரமா, முழு ஆரோக்கியமான மாற்று ஆளா? நீங்கள் பயிற்சியாளராக இருந்தால்?
– மருந்துக்கடைக்காரர், திருச்சி

மாற்று ஆள். கண்ணை மூடிக்கொண்டு. இந்த வாரம் வந்ததில் உருப்படியான கேள்வி உங்களுடையது, அதனால் விரிவாகவே சொல்கிறேன்.

2014 மே மாதம். அத்லெடிகோ மாட்ரிட்டின் டியேகோ கோஸ்டாவுக்கு ஹாம்ஸ்ட்ரிங். சாம்பியன்ஸ் லீக் இறுதி ஆட்டத்துக்கு ஒரே வாரம். பெல்கிரேடுக்குப் பறந்தார்; குதிரையின் நஞ்சுக்கொடியை வைத்துச் சிகிச்சை என்று பத்திரிகைகள் எழுதின. அந்த வாரம் ஐரோப்பாவில் குதிரைக்கு இருந்த மரியாதை ராஜாக்கள் காலத்தில்கூட இருந்திருக்காது. லிஸ்பனில் முதல் பதினொருவரில் இறங்கினார். ஒன்பதாவது நிமிடத்தில் வெளியே வந்தார்.

இதோடு கதை முடிந்ததாகத்தான் ரசிகர்கள் பேசுவார்கள். உண்மையான செலவுக் கணக்கு இதற்குப் பிறகுதான். அன்றைக்கு ஓர் அணிக்கு மூன்றே மாற்றங்கள். ஒன்று ஒன்பதாவது நிமிடத்திலேயே எரிந்துபோனது. மற்ற இரண்டும் 83-ஆவது நிமிடத்துக்குள் காலி. அத்லெடிகோ ஒரு கோல் முன்னிலை. 93-ஆவது நிமிடத்தில் ரியல் மாட்ரிட்டின் ராமோஸ் (ஆமாம், கீழக்கரை அன்பரே, அவரேதான்) தலையால் முட்டிச் சமன் செய்தார். கூடுதல் நேரத்தில் அத்லெடிகோவின் யுவான்ஃபிரான் நொண்டிக்கொண்டே ஆடினார். இறக்க ஆளிருந்தது, அனுமதி இல்லை. முடிவு 4-1. கோஸ்டாவை இறக்கியது தன் தவறுதான் என்று பயிற்சியாளர் சிமியோனி ஒப்புக்கொண்டார். அவர் மேல் எனக்கு மரியாதை கூடியது அன்றைக்குத்தான்.

இன்னும் பழைய கதை வேண்டுமா? 1954 உலகக் கோப்பையில் ஹங்கேரி மேற்கு ஜெர்மனியை 8-3 என்று நொறுக்கியது. அதில் புஷ்காஷின் கணுக்கால் போயிற்று. அவர் இல்லாமல் கால் இறுதி 4-2, அரை இறுதி 4-2. இரண்டும் வெற்றி. இறுதி ஆட்டத்துக்குப் புஷ்காஷ் திரும்பினார், ஆறாவது நிமிடத்தில் கோலும் போட்டார். ஆட்டம் 3-2 என்று ஜெர்மனிக்குப் போனது. தோல்விக்கு மழை, சேறு, ஒப்புக்கொள்ளப்படாத ஒரு கோல் என்று வேறு காரணங்களும் உண்டு. பழியெல்லாம் அந்தக் கணுக்காலுக்கு இல்லை. 2002 உலகக் கோப்பையில் தொடையில் கட்டுப் போட்டுக்கொண்டு மூன்றாவது ஆட்டத்தில் இறங்கினார் ஜிடான். பிரான்ஸ் ஒரு கோல்கூடப் போடாமல் வீடு திரும்பியது.

ஆள் இல்லையென்றால் அணி வேறு வழி யோசிக்கும். பாதி ஆள் இருந்தால் முழு ஆள் இருப்பதாக நினைத்துப் பழைய வழியிலேயே பந்தைத் தள்ளிக்கொண்டிருக்கும். மருந்துக்கடை வைத்திருக்கும் உங்களுக்குத் தெரியாததா? ஐந்து நாள் மாத்திரையை இரண்டு நாளில் நிறுத்திவிட்டு "சரியாகிவிட்டது" என்கிறவர் ஆறாம் நாள் மறுபடி உங்கள் கவுண்ட்டரில்தானே நிற்பார்?

உலகின் அசட்டுத்தனமான காயம் எது?
– பள்ளி மாணவி, காரைக்குடி

ஸ்பெயின் கோல்கீப்பர் கன்யிசாரெஸ். 2002 உலகக் கோப்பைக்குச் சற்று முன், கை தவறிய வாசனைத் தண்ணீர் பாட்டில் அவர் காலில் விழுந்து தசைநார் அறுந்தது. வாழ்நாளெல்லாம் பந்து பிடித்தவர், பாட்டிலை விட்டுவிட்டார். அவர் இடத்தில் நின்ற 21 வயதுப் பையன் பெயர் இகர் கசியாஸ். 2010-இல் தலைவராக உலகக் கோப்பையைத் தூக்கியவர் அவர்தான்.

காயம்பட்டவர் குணமான பிறகும் அவருக்கு இடம் கொடுக்காதது நியாயமா?
– பெயர் வேண்டாம் என்றவர், தூத்துக்குடி

அலுவலகத்தில் லீவு முடிந்து வந்து நாற்காலியைத் தேடுகிறீர்கள் போலிருக்கிறது.

1966 உலகக் கோப்பை. இங்கிலாந்தின் கோல் இயந்திரம் ஜிம்மி கிரீவ்ஸுக்கு பிரான்ஸ் ஆட்டத்தில் முழந்தாளுக்குக் கீழே கிழிந்து தையல். ஜெஃப் ஹர்ஸ்ட் உள்ளே வந்தார். இறுதி ஆட்டத்துக்குள் கிரீவ்ஸ் தயார். பயிற்சியாளர் ஆல்ஃப் ராம்சே அணியை மாற்றவில்லை. ஹர்ஸ்ட் மூன்று கோல் போட்டார், 4-2. நியாயமா என்று நீங்கள் கேட்கிறீர்கள், கணக்குப்படி சரி. ஆனால் வெம்பிளியில் அந்தக் கடைசி நிமிடம் பெஞ்சில் எல்லோரும் துள்ளிக் குதிக்க, கோட்டும் டையுமாக கிரீவ்ஸ் நிற்கிற படத்தைப் பார்த்தால் கணக்கு மறந்துவிடும். மைதானத்தில் இருந்த பதினொருவருக்குத்தான் அன்று பதக்கம். கிரீவ்ஸுக்கு வந்தது 2009-இல். சில வருடங்களில் அதை ஏலத்தில் விற்றுவிட்டார்.

உங்கள் நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருப்பவர் எத்தனை கோல் போட்டிருக்கிறார் என்று முதலில் விசாரியுங்கள்.

இவ்வளவு பேசுகிறீர்களே, ஞாயிற்றுக்கிழமை யார் ஜெயிப்பார்கள்? ஒரே வரியில் சொல்லுங்கள்.
– வியாசர்பாடி மாணவரின் நண்பர்

சொல்லத்தான் ஆசை. காலையிலிருந்து வலது மணிக்கட்டில் லேசான பிடிப்பு, தைலம் தடவியிருக்கிறேன், சனிக்கிழமை ராத்திரி எப்படி இருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் முடிவு. கிட்டத்தட்ட நூறு சதவீதம் எழுதிவிடுவேன்.