வெறுந்தண்ணிக் குழாய்

வா தாயி. பொங்கலுக்கு வந்தும் மூஞ்சி ஏன் புளிச்ச மோரா இருக்கு? போன மாசம் வந்த பேண்ட் இந்த மாசம் வரலையாக்கும்? மொதல்ல நீ ‘பேண்ட் வரலை’ன்னு சொன்னப்போ, தையக்காரன்தான் இழுத்தடிக்கான்னு நெனச்சேன். பெறகுதான் தெரிஞ்சுது, அது உன் பிஎச்டி சோதனையில ஜெல்லுல தெரியுற கோடுன்னு.

டிஎன்ஏவை நகலெடுத்துப் பெருக்குற உன் பிசிஆர் கதையைத் திண்ணையில தூங்குற மாதிரி கெடந்து முழுசாக் கேட்டுட்டேன். 95 டிகிரியில டிஎன்ஏ இழை ரெண்டாப் பிரியும். 55 பக்கம் எறங்குனா பிரைமர்ங்கிற குட்டி இழை ஒட்டும். 72-ல நொதி புது இழை பின்னும். ஒண்ணு ரெண்டாகி, ரெண்டு நாலாகி, 30 சுத்துல நூறு கோடியைத் தாண்டிருமாமே! கந்துவட்டிக்காரன் கேட்டா, உன் கைடுகிட்ட வந்து சேந்துருவான்.

இந்தப் பிசிஆரைக் கண்டுபிடிச்ச கேரி மல்லிஸுக்கு 1983-ல, ராத்திரி கார் ஓட்டுறப்போ வந்த ரோசனையாம். 1993-ல நோபல் வாங்கிட்டாரு. நீ ஸ்கூட்டர்ல போறப்போ ரோட்டைப் பாரு தாயி. ஆரம்பத்துல அந்த 95 டிகிரிச் சூட்டுல நொதி சுத்துக்குச் சுத்து செத்துப்போக, புதுசு புதுசா ஊத்துனாகளாம். பெறகு யெல்லோஸ்டோன் வெந்நீர் ஊத்துல குடியிருந்த பாக்டீரியாவோட நொதிதான் காப்பாத்துச்சு. அது கொதிக்கே அசரலை. நீ கைடு கத்துறதுக்கா அசருவே?

இப்பச் சங்கதிக்கு வாரேன். நல்ல காசுக்கு மட்டுமா வட்டி ஏறும்? கள்ளக் காசுக்கும் ஏறும். பிப்பெட் வழியா பழைய டிஎன்ஏ துளி ஒட்டியிருந்தா, அதுவும் பெருகிப்போகும். அதுக்குத்தான் ஒரு குழாயில டிஎன்ஏ போடாம வெறுந்தண்ணி ஊத்தி ஓட்டச் சொல்றாக. போன மாசம் அவசரத்துல அதை விட்டுட்டேன்னு சினேகிதிகிட்ட போன்ல சொன்னியே! கெழவனுக்குக் காது மந்தம்னு நெனச்சுக்கிட்டே.

மொய் எழுதாதவன் பேரும் மொய் நோட்டுல இருந்தா, அந்த நோட்டை எவன் நம்புவான்? தண்ணியிலயும் பேண்ட் வந்தா, மத்தக் குழாய்க் கணக்கும் அப்படித்தான்.

ஊருக்குப் போனதும் புதுத் தண்ணி, புதுப் பிரைமர் எடுத்து, தண்ணிக் குழாயோட சேத்து மறுபடி ஓட்டு. போன மாசத்தது பொய்யின்னா, நீயே கைடுகிட்ட சொல்லிரு. அடுத்தவன் கண்டுபிடிச்சுச் சொன்னா அசிங்கம்.

இந்தா, முறுக்கு டப்பா. லேபுக்குள்ள மட்டும் திங்காத. எச்சில்லயும் டிஎன்ஏ உண்டு.